பாத்ரூம் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்

போன வாரம் செல்வி ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தாள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நாலு ஸ்க்ரூவும் கூடவே கொடுத்திருந்தார்கள்.

"பாத்ரூம் கதவுக்கு. இன்னைக்கே மாட்டிடுங்க."

என் கையில் வைத்துவிட்டு அங்கன்வாடிக்குக் கிளம்பிவிட்டாள். அங்கேதான் அவளுக்கு வேலை.

செல்வி என் மனைவி. போர்ட் பிளேர் புரோத்ராபூரில் எங்கள் வீட்டு பாத்ரூம் கதவு ஒன்றரை வருஷமாகத் தாழ்ப்பாள் இல்லாமல்தான் இருந்தது. பழையதை உடைத்தவன் நான்தான். தோளால் இடித்து உடைத்தேன். உள்ளே அவள் மயங்கிக் கிடந்தாள்.

இந்தக் கதையை உங்களுக்கு இதுவரை நான் சொன்னதில்லை. மற்ற எதைத்தான் சொல்லாமல் விட்டேன்? டம்ளரில் தண்ணீர் ஆடினால் பூகம்பமோ என்று வாசலுக்கு ஓடுவது, விமானம் ஏறும் முன் மூன்று தடவை வீட்டுக்குத் திரும்பி வந்து கேஸைப் பார்ப்பது – என் பயம் எல்லாமே வாராவாரம் இங்கே அச்சாகிறது. இது மட்டும் ஏன் வரவில்லை?

கூச்சம். விஷயம் மூத்திரம் சம்பந்தப்பட்டது.

இப்போது செல்வியே எழுதச் சொல்லிவிட்டாள். எழுதுகிறேன்.

முதல் தடவை அது வந்தது கப்பலில். கச்சால் தீவில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு போர்ட் பிளேர் திரும்பிக் கொண்டிருந்தோம். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் அவளுடையது. கப்பல் கக்கூஸுக்குப் போய்விட்டு வந்தவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். முகம் வெள்ளைத் துணி மாதிரி. நெற்றியெல்லாம் வேர்வை. மண்டை வெடிக்கிற மாதிரி வலி. நெஞ்சு படபடவென்று அடிப்பது ரவிக்கைக்கு மேலேயே தெரிந்தது.

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். கப்பல் சக்கர், அதாவது கப்பல் தலைசுற்றல்.

தீவுக்காரர்களுக்கு இது ரெடிமேட் பதில். இறங்கிய பிறகும் இரண்டு நாள் தரை ஆடும், எங்களுக்குப் பழக்கம்தான். அதனால் இங்கே யாருக்குத் தலை சுற்றினாலும் முதல் குற்றவாளி கப்பல்தான். இரண்டு வாரம் கழித்து அங்கன்வாடியிலிருந்து வந்தவளுக்கு வீட்டில் வைத்து மறுபடி வந்தது. அப்போதும் நான் கப்பலைத்தான் திட்டினேன்.

எத்தனை வாரத்துக்குக் கப்பலைத் திட்ட முடியும்?

அடுத்த குற்றவாளியாக என்னைப் பிடித்தார்கள். இருபது வருஷம் என்னோடு குடித்தனம் செய்கிறாள் அல்லவா… என் டென்ஷன் அவளுக்கும் ஒட்டிக்கொண்டதாம். சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பத்துபஸ்தியில் இருக்கும் நண்பர் வீட்டிலும் சொன்னார்கள். போய்க் காட்டிய மூன்று இடங்களில் ஒரு இடத்தில் டாக்டரும் சிரித்துக்கொண்டே அதையேதான் சொன்னார். உட்கார வைத்து, ஐந்து நிமிஷம் அமைதியாக இருக்கச் சொல்லி, பி.பி. பார்ப்பார்கள். நார்மல். கேஸ் மாத்திரை. போய் வாருங்கள்.

பயந்தவன் சும்மா இருப்பானா? நோட்டுப் போட்டேன்.

எனக்கு டிங்கி படகு எஞ்சின் ரிப்பேர் தொழில். எட்டாம் வகுப்போடு சரி. எந்த எஞ்சினுக்கு என்ன கோளாறு என்று எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களைச் செல்விக்கு ஒதுக்கினேன். தேதி, நேரம், என்ன சாப்பிட்டாள், என்ன சண்டை, வானிலை எப்படி. கருவாட்டின் மேல் சந்தேகப்பட்டு அதற்கு ஒரு பக்கம். புயல் எச்சரிக்கைக் கொடிக்குக்கூட ஒரு குறிப்பு. 'மாலை 4.40. அங்கன்வாடியிலிருந்து வந்தாள். பாத்ரூம் போனாள். வந்ததும் தலைவலி, வேர்வை. காலையில் இட்லி.' இப்படியே பதினோரு தடவை எழுதியிருந்தேன்.

பன்னிரண்டாவது தடவைதான் கதவு உடைந்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். டிக்லிபூர் பக்கத்துப் பெங்காலிக் குடும்பம். பெயர் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார், போடவில்லை. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் செல்விக்குத் தெளிந்துவிட்டது, பி.பி. வழக்கம்போல நார்மல். டாக்டர் கண் என் கக்கத்தில் இருந்த நோட்டின் மேல் போனது. கிரீஸ் படிந்த நோட்டு. கொடுக்கவே வெட்கமாக இருந்தது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நர்ஸ் தமிழ்ப் பெண். அவரைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக வாசிக்கச் சொன்னார். கருவாட்டுப் பக்கம் உட்பட.

நாலாவது குறிப்பிலேயே டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். ஒவ்வொரு குறிப்பிலும் ஒரே ஒரு வார்த்தையைச் சுற்றி வட்டம். பதினோரு வட்டம்.

பாத்ரூம்.

எழுதியவன் நான். என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

"யே ஆப்னே லிக்கா ஹை?" நீங்களா எழுதினீர்கள் என்று கேட்டார். தலையாட்டினேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "பஹுத் அச்சா", ரொம்ப நல்லது என்றார். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு, நர்ஸை மட்டும் வைத்துக்கொண்டு செல்வியிடம் பேசினார். மூன்றே நிமிஷம்.

அவரிடம் சொன்னதைச் செல்வி என்னிடம் பிறகுதான் சொன்னாள்.

"எனக்கு கப்பல்லயே தெரியுங்க. ஒண்ணுக்குப் போகையில மட்டுந்தான் வரும். ரொம்ப நேரம் அடக்கிட்டுப் போனா இன்னும் மோசம். அங்கன்வாடியில கக்கூஸ் சரியில்ல, அடக்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். ஆம்பள டாக்டருங்க, நீங்களும் பக்கத்துல… அத எப்படிச் சொல்ல ஏலும்?"

டாக்டர் அதோடு விடவில்லை. செல்விக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கொடுத்து அடக்கிக்கொண்டு இருக்கச் சொன்னார். முடியவில்லை என்றதும் போகச் சொன்னார். கதவைத் தாழ் போடக் கூடாது, உள்ளே நர்ஸ் துணை. டாக்டர் பாத்ரூம் வாசலிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு, பி.பி. மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போகிற வருகிற ஆட்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

செல்வி வெளியே வந்ததும் கையில் பட்டியைச் சுற்றினார்கள். மேல் அளவு இருநூறைத் தாண்டி நின்றது.

என் தொழில் புத்தி உள்ளே ஒன்று சொன்னது. கடலில் போய் நிற்கிற எஞ்சினைக் கரையில் வைத்துச் சோதித்தால் என்ன தெரியும்? படகுத்துறையில் அது ஜோராகத்தான் ஓடும். படகில் ஏறி, அது நிற்கிற இடம் வரை கூடவே போக வேண்டும். மூன்று இடத்திலும் கரையில் வைத்துப் பார்த்தார்கள். இந்தப் பெண் கூடவே போனார்.

ஸ்கேனில் மூத்திரப்பையின் சுவரில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. ட்யூமர் என்ற வார்த்தை கேட்டதும் நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உடனே வெட்டி எடுங்கள் என்றேன். டாக்டர் கூடாது என்றார். சந்தேகப்படுகிற கட்டிதான் இது என்றால், பிரஷரைத் தாறுமாறாக ஏற்றும் ஒரு சரக்கை அதுவே தயாரிக்குமாம். பை நிறைந்து அழுத்தும்போதும், சுருங்கும்போதும் அதை ரத்தத்தில் கொட்டும். தெரியாமல் கத்தி வைத்தால் மேஜையிலேயே ஆள் போய்விடலாம். முதலில் உறுதி செய்ய வேண்டும், அப்புறம் மாத்திரையால் அதன் பல்லைப் பிடுங்க வேண்டும், அதன் பிறகுதான் ஆபரேஷன்.

பேர் பாராகேங்க்லியோமா. மூத்திரப்பையில் வருவது ரொம்ப அபூர்வமாம்.

"நான் புக்ல படிச்சிருக்கேன், அவ்வளவுதான். பார்த்ததில்ல" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, எங்கள் முன்னாலேயே மெயின்லேண்டில் இருக்கும் தன் பழைய வாத்தியாருக்குப் போன் போட்டார். மாணவி மாதிரி எழுந்து நின்றுகொண்டு பேசினார். எனக்கு அந்த இடத்தில்தான் தைரியம் வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டாக்டர் எத்தனை பேர்? அந்த நோயைவிட அபூர்வம் அது.

உறுதி செய்ய இருபத்து நாலு மணி நேர மூத்திரத்தைச் சேர்த்து, அதில் ஒரு பாட்டிலைச் சில்லென்று சென்னை லேபுக்கு அனுப்ப வேண்டும். சில்லென்று அனுப்புவதற்கு எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே? தெர்மகோல் பெட்டி, ஐஸ், சுற்றிலும் டேப், மெயின்லேண்ட் போகிற தெரிந்தவர் யாராவது. இங்கிருந்து சொந்தக்காரர்களுக்கு மீன் அப்படித்தான் போகும். குட்வில் எஸ்டேட் நண்பர் ஒருவர் அன்றைக்குச் சென்னை போனார். லேபில் சொன்னபடி பாட்டிலை மூடிச் சுற்றி, பெட்டியில் வைத்து அவரிடம் கொடுத்தேன்.

சென்னையில் வாங்கிக்கொள்ள வேண்டியவர் என் தங்கச்சி புருஷன். அவரிடம் போனில் "ஒரு பெட்டி வருது மாப்ள, ஐஸ் உருகாம பாத்துக்கங்க" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாயே என்று செல்வியைக் கோபித்துக்கொண்டவன் நான்!

சாயங்காலம் போன் வந்தது.

"மச்சான், உங்க தங்கச்சி மசாலா அரைச்சு வச்சுட்டு உக்காந்திருக்கா. பெட்டியில மீனக் காணோம். ஒரு பாட்டில்தான் இருக்கு. என்னது இது, மீன் எண்ணெயா?"

"மாப்ள, அதத் தொறந்துறாதீங்க" என்று சொல்லி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். "எந்த லேப்னு சொல்லுங்க" என்றார். புது ஐஸ் போட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போய்க் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டாராம். என்ன சாப்பிட்டார் என்று கேட்கவில்லை. மீன் இல்லை, அது மட்டும் தெரியும்.

ரிசல்ட் டாக்டர் சொன்னபடியே வந்தது.

மூன்று வாரம் மாத்திரை. கூடவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், உப்பைக் குறைக்கவே கூடாது என்றார். பி.பி. ஏறுகிற ஆளுக்கு உப்பா? நான் இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டேன். மாத்திரை ரத்தக்குழாயைத் தளர்த்திவிடும், அப்போது ரத்தம் போதாமல் எழுந்தால் தலை சுற்றும், அதற்குத்தான் உப்பு என்று விளக்கினார். மூன்றாவது தடவையும் கேட்டேன். மூன்றாவது தடவையும் விளக்கினார். என்னைப் போன்றவனிடம் கோபப்படாமல் பேசுவதற்கும் தனியாக ஒரு படிப்பு வேண்டும்.

ஆபரேஷன் சென்னையில் நடந்தது. கட்டியோடு பையின் ஒரு சிறு பகுதியை வெட்டித் தைத்தார்கள். கட்டியைத் தொட்ட நிமிஷம் பிரஷர் துள்ளியதாம். மயக்க மருந்து டாக்டர் அதற்காகவே ஊசியைக் கையில் பிடித்துக் காத்திருந்தாராம். எடுத்து முடித்ததும் அப்படியே இறங்கிவிட்டதாம். வெளியே வந்து இதை மழை நின்றுவிட்டது என்பது போலச் சொல்லிவிட்டுப் போனார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

முழுசாகத் தீர்ந்ததா? அபூர்வமாகத் திரும்பவும் வரலாம், வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் வருஷ ரிசல்ட் போன வாரம் வந்தது. நார்மல். நம் பெங்காலி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் என்ன மாற்றம் வேண்டும் என்று செல்வியிடம் கேட்டார்.

"பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் வேணும். இவரு வாசல்லயே நிக்கிறாரு" என்றாளாம்.

அதுதான் அந்தத் தாழ்ப்பாள்.

மத்தியானமே மாட்டிவிட்டேன். சாயங்காலம் 4.40க்குச் செல்வி வந்தாள். கதவை இழுத்துப் பார்த்தாள். உள்ளே போனாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அந்தக் கதவில் 'டக்' என்று ஒரு சத்தம்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அங்கதான் நிக்கிறீங்களா?"

"இல்லையே" என்றேன், கதவோடு ஒட்டி நின்றபடி.

வெளியே வந்தாள். வேர்வை இல்லை. முகம் முகமாக இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ போடப் போனாள்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நாலு ஸ்க்ரூவில் இரண்டைத்தான் மாட்டியிருக்கிறேன், தோளால் ஒரே இடி இடித்தால் வந்துவிடும். மீதி இரண்டும் என் சட்டைப்பையில் இருக்கின்றன… அடுத்த வருஷ ரிசல்ட் வரட்டும்.