பாலத்தின் நடுவே ஒரு கோடு

காலையில் டொராண்டோவிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கி, நயாகரா பாலத்தில் அமெரிக்காவுக்கு நடந்தே போகிறேன். அருவிச் சாரலில் நடைபாதை ஈரமாயிருக்கிறது. பாலத்தின் நடுவில் ஒரு தகடு. அதில் ஒரு கோடு, அதன் இருபுறமும் இரண்டு நாடுகளின் பெயர்கள். அவ்வளவுதான் எல்லை.

அங்கே அறுபது வயதுக்காரர் ஒருவர் வலது காலை அமெரிக்காவில் வைக்கிறார், எடுக்கிறார், மறுபடி வைக்கிறார். நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு நிமிர்கிறார்.

“தம்பி, ஒரு படம் எடுத்துவிடுங்கோ. கால் தெரியவேணும்.”

எடுக்கிறேன். “இதுக்கு முன்னாடி எல்லையைப் பார்த்ததே இல்லையா அங்கிள்?”

“கனடாவுக்கு வர முந்தி ஆறு எல்லை தாண்டினனான். எல்லாம் லொறிக்குள்ளை, சாக்குகளுக்குக் கீழை. ஒண்டையும் கண்ணால காணேல்லை.”

“அந்தப் பக்கம் என்ன வேலை?”

“ஒரு வேலையும் இல்லை. கோப்பி குடிச்சிட்டுத் திரும்பி வரப்போறன்.”

சட்டைப் பையிலிருக்கும் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கோட்டைத் தாண்டுகிறார். நின்று கனடாப் பக்கம் திரும்பி, “போயிட்டு வாறன்” என்கிறார்.

“நானும் அந்தப் பக்கம்தானே வர்றேன்?”

“உங்களுக்கில்லை தம்பி. மற்ற ஒரு எல்லையிலையும் இதைச் சொல்ல வாய்க்கேல்லை.”