பேர் வெட்டிய தட்டுகள்

ராஜபாளையம் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு பழைய பஞ்சு குடோன். அதற்கு எதிர்வீடு இசக்கியம்மாளுடையது. காலையில் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கஞ்சிக்குக் காத்திருக்கிற வரிசைதான். மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் வேலை பார்க்கும் அழகுத்தாய் ஏற்படுத்திய வரிசை அது. மதியம் ஷிப்டுக்குப் போகிறவள், காலையில் காலை நீட்டிப் படுக்காமல், வீடு வாசல் இல்லாமல் ரோட்டோரம் கிடப்பவர்களுக்குக் கஞ்சி காய்ச்சினாள். மழை வந்தால் குடோனுக்குள்ளேயே படுத்துக்கொள்ள விட்டாள். குடோன்காரர் சுப்புராஜ் வாடகை கேட்கவில்லை. நகராட்சியும் போனால் போகட்டும் என்று விட்டிருந்தது.

இசக்கியம்மாளுக்கு அவள்மேல் விரோதம் ஒன்றும் கிடையாது. கிறுக்கி என்று நினைத்தாள், அவ்வளவுதான். உப்பு, புளி என்று வந்து நின்றால் கொடுப்பாள். கொடுக்கும்போதே நாலு ஏச்சும் சேர்த்துக் கொடுப்பாள்.

தொண்ணூற்றொன்றில் பாத்திரக்கடை சம்பத்குமார் நாற்பது எவர்சில்வர் தட்டு தர முன்வந்தார். தட்டில் 'உபயம்' என்று தன் பேரை வெட்டித் தருவதாகப் பேச்சு. கோவில் டியூப் லைட்டில் வெளிச்சம் வர இடம் விடாமல் பேர் எழுதுகிற ஊர், அதில் தப்பொன்றும் இல்லை. அழகுத்தாய் வெறும் தட்டே போதும் என்று வாங்கி வந்தாள். பேர் வெட்டுகிறவரைக் குடோனுக்கே கூட்டி வந்து, சாப்பிடுகிறவர்கள் பேரை ஆளுக்கொரு தட்டில் வெட்டச் சொன்னாள். ஐயாதுரை, குருவம்மாள், தவசிமுத்து என்று வரிசையாக விழுந்தது. பேச்சு வராத ஒருவருக்கு, அவர் கையால் காட்டியபடி ஒரு மாட்டுத்தலை. சம்பத்குமார் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

"என்னட்டி, இவியளுக்குச் சீர்வரிசையா எடுக்கே?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

"நாப்பது பேர்ல யார் வரலைன்னு எனக்கு எப்படி மதினி தெரியும்? எடுக்காத தட்டு சொல்லிரும்லா."

அது எப்படி என்று ஐப்பசி மழையில் தெரிந்தது. ஒருநாள் எல்லாரும் சாப்பிட்டு முடித்தும் ஐயாதுரையின் தட்டு அடுக்கிலேயே கிடந்தது. அழகுத்தாய் அகப்பையை இசக்கியம்மாள் கையில் திணித்துவிட்டு, தண்டவாளத்தோரமாக நனைந்துகொண்டே நடந்தாள். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால், காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார் மனுசன். தள்ளுவண்டியில் போட்டுப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாள். ஈரச்சேலையோடு ஷிப்டுக்குப் போய்விட்டாள். இசக்கியம்மாள் அகப்பையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற பழக்கமும் கிடையாது.

மறுவருசம் ஒரு மசோதா வந்தது. இசக்கியம்மாளின் கணவர் வேலுசாமி பேப்பரைப் பார்த்து வாசித்தார். வீடில்லாதவர்களுக்குச் சோறோ இடமோ கொடுக்கிறவர்கள் இனி மெட்ராஸில் லைசென்ஸ் வாங்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், கோவில் இவற்றுக்கு ஒரு மைலுக்குள் நடத்தக் கூடாது. நகராட்சி தன் இஷ்டத்துக்கு இடம் விடவும் கூடாது. மீறினால் மூன்று மாதம் உள்ளே. குடோனிலிருந்து ரயில் நிலையம் கூப்பிடு தூரம். சட்டம் வந்தால் மறுநாளே பூட்டுதான்.

அந்த வாரம் இசக்கியம்மாள் போட்ட கோலத்தின்மேல் எவனோ வாந்தி எடுத்து வைத்திருந்தான். மகள் தலையில் பேன். வாசலைக் கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து சம்பத்குமாரின் கணக்கப்பிள்ளை மனு கொண்டுவந்தார். நாற்றம் தாங்கவில்லை, சட்டம் சீக்கிரம் வரட்டும் என்று அரசாங்கத்துக்குத் தெருக்காரர்கள் எழுதுகிற மனு. ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு முதல் கையெழுத்தைப் போட்டாள். போட்டு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

சட்டசபைக் குழு ஸ்ரீவில்லிபுத்தூர் பயணியர் விடுதியில் ஜனங்களிடம் கருத்துக் கேட்கும் என்று தேதி வந்தது. இசக்கியம்மாள் ஆண்டாளைக் கும்பிடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். பாதி வழியில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ரோட்டோரத்தில் முப்பத்தேழு பேர் வரிசையாக நடந்து போகிறார்கள். கண்டக்டர்கள் ஏற்றமாட்டார்கள் என்று இருட்டோடு கிளம்பியிருக்கிறார்கள். ஏழு மைல். ஆளுக்கொரு தட்டு கக்கத்தில். முன்னால் அழகுத்தாய், தலையில் குருவம்மாளின் மூட்டை, கையில் பேச்சு வராதவரின் கை. பஸ்ஸுக்குக் காசில்லாதவள் இல்லை அவள். ஒரு தேர் நகர்கிற மாதிரி நகர்ந்தது அந்த வரிசை. வடம் பிடிக்க ஆளில்லை, அதுவாகவே போயிற்று.

விடுதி வாசலில் பியூன் ரேஷன் கார்டு கேட்டான். கார்டு இருந்தால் இவர்கள் ஏன் ரோட்டில் கிடக்கிறார்கள்? ஐயாதுரை தட்டை எடுத்துப் பேர் தெரியும்படி பிடித்தார். பின்னால் நின்றவர்களும் பிடித்தார்கள். பியூன் சிரித்தான். உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த குழுத்தலைவர் சிரிக்கவில்லை. விடச் சொன்னார். பஸ்ஸில் முன்னாடியே வந்துவிட்ட இசக்கியம்மாள் உள்ளே பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் அழகுத்தாயிடம் ரெஜிஸ்டர் இருக்கிறதா என்று கேட்டார். தட்டைக் காட்டினாள். எடுக்காத தட்டைப் பார்த்துத் தேடிப் போவதைச் சொன்னாள். இதுவரை பதினோரு பேரை அப்படி ஆஸ்பத்திரியில் சேர்த்ததையும், மூன்று பேரை எடுத்து அடக்கம் பண்ணியதையும் உப்பு விலை சொல்கிற குரலில் சொன்னாள். அந்த மூன்று பேர் விஷயம் எதிர்வீட்டுக்காரிக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு தலைவர் ஒரு காகிதத்தை எடுத்தார். உங்கள் தெருக்காரர்களே முப்பத்திரண்டு பேர் மூடச் சொல்லி எழுதியிருக்கிறார்களே, முதல் கையெழுத்து எதிர்வீடு என்றிருக்கிறது, பொய்யா என்றார். இசக்கியம்மாள் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அழகுத்தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொய் இல்லங்கய்யா. நாத்தம் வரத்தான் செய்யும். குளிக்கத் தண்ணி இல்ல. தெருவுல சின்னப்பிள்ளையள் இருக்கு. அவிய எழுதுனது நாயந்தான்."

ஒரு சொல் ஏசியிருந்தால் இசக்கியம்மாள் உட்கார்ந்தே இருந்திருப்பாள். ஏச்சுக்கு ஏச்சு அவளுக்கு அத்துப்படி. இது ஏச்சாக இல்லை. பின்வரிசையிலிருந்து எழுந்துவிட்டாள். மனு கொடுத்தவராக முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சம்பத்குமார் திரும்பி முறைத்தார்.

"அய்யா, அந்த எதிர்வீடு நான்தான். கையெழுத்தும் என்னதுதான். அத அடிச்சிருங்க."

ஏன் என்று கேட்டார் தலைவர்.

"என் வாசல் அசிங்கமாச்சுன்னு கோவத்துல போட்டேன். தண்ணிக் குழாய் வேணும்னு எழுதியிருக்கணும், பூட்டு வேணும்னு எழுதிட்டேன். இவள மூணு மாசம் உள்ள வச்சா, எடுக்காத தட்டுக்கு யாரு போவா? நீங்க போவியளா? நான் போகமாட்டேன்யா. எனக்கு அம்புட்டு மனசு கிடையாது. அதான் சொல்லுதேன்."

யாரோ சிரித்தார்கள். தலைவர் பேனாவைத் திறந்து, மனுவின் முதல் வரியைக் கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் வேறேதோ எழுதினார்.

ஆறு மாதம் கழித்து, ஒரு மைல் தூரமும் மூன்று மாத ஜெயிலும் இல்லாமல்தான் சட்டம் வந்தது. இடத்தை அந்தந்த நகராட்சியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். எந்த ஊர்க்காரர் பேசியதால் விட்டார்கள் என்று பேப்பரில் போடவில்லை. ஆனால் விடுதியை விட்டு வந்த அன்றைக்குச் சாயங்காலம் இது எதுவும் யாருக்கும் தெரியாது.

திரும்பும்போது இசக்கியம்மாளும் பஸ் ஏறவில்லை. ரெண்டு மைலிலேயே செருப்பு வார் அறுந்து, கையில் தூக்கிக்கொண்டாள். தார் ரோட்டுச் சூட்டையும், ரோடு போட்டவனையும், கண்டக்டரையும் முறை வைத்து ஏசிக்கொண்டே வந்தாள். கூட்டம் கொஞ்சம் முன்னே போனதும் மெதுவாகக் கேட்டாள்.

"உனக்கு முன்னயே தெரியுமாட்டி, நான் போட்டது?"

"அந்தக் கணக்கப்பிள்ளை ஆள் தெரியாம எங்கிட்டயும் நீட்டுனாரு மதினி. ஒங்க பேருதான் மேல இருந்துச்சு."

"என்னைக்கு?"

"நீங்க போட்ட அன்னைக்கே."

இசக்கியம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அன்றைக்கு ஷிப்டுக்குப் போகும்முன்தான் இவள் புளி கேட்டு வந்தாள். சிரித்த முகமாகத்தான் வந்தாள். மகள் தலைக்கு வேப்பெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

அழகுத்தாயின் தலையிலிருந்த மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு அவளுக்கு ஓரடி பின்னால் நடந்தாள்.