ஏழுக்கு நாலு

கல்யாணமான மறுவருஷம் உளவியல் எம்.ஏ. சேர்ந்தேன். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து கோயம்புத்தூருக்குத் தினமும் பஸ். கணவர் ஊரிலேயே பம்பு மோட்டார் செய்யும் பட்டறையில் லேத் ஓட்டினார். தொண்ணூறுகளின் கடைசி அது. மனநோயைப் போலவே மனநிறைவையும் படிக்கலாம், அளந்தும் பார்க்கலாம் என்ற பேச்சு எங்கள் வகுப்புக்கு அப்போதுதான் வந்திருந்தது.

எங்கள் பேராசிரியை ஒருநாள் சொன்னார்: "ஒரு கெட்டது நடந்தா, எப்பவும் இப்படித்தான், எல்லாமே இப்படித்தான், எல்லாம் என்னாலதான்னு பெருசு பண்ணிக்கறோம். அதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கக் கத்துக்கலாம்." நான் அழகான கையெழுத்தில் குறித்துக்கொண்டேன். பிறகு, வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று கேட்கும் சில ஆங்கில வாக்கியங்களைத் தந்து, தமிழாக்கி வீட்டில் கேட்டு வரச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை போட வேண்டும்; ஏழு என்றால் முழுத் திருப்தி.

மாமியார் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். எதைப் படித்தாலும் ஏழுதான்.

"அத்தை, யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்கறதுக்கு என்ன அம்மணி இருக்குது? ஒருத்தர் வந்து சௌக்கியமான்னு கேட்டா, குறையச் சொல்லிட்டு உக்காந்திருப்பாங்களா?"

கணவர் அப்படியில்லை. தாளை வாங்கி, அளவு பார்க்கிற முகத்தோடு நிதானமாகப் படித்தார். 'என் வாழ்க்கை நான் விரும்பியபடி இருக்கிறது' என்பதற்கு நாலு போட்டார். தாளைத் தந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் ரசத்தை ஊற்றினேன்.

மறுநாள் பஸ் முழுக்க அந்த நாலுதான். என்னோடு வாழ்வதில் எதுவுமே அவருக்குப் பிடிக்கவில்லை. இனி எப்போதும் இப்படித்தான் இருக்கப்போகிறது. படிக்கப் போகிறேன் என்று கிளம்பிய என்னால்தான் எல்லாம். கவுண்டம்பாளையம் தாண்டும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேராசிரியை சொன்ன மூன்றையும் ஒன்று விடாமல் செய்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சிரித்தாலும் வலி போகவில்லை. ஆனால் கேட்டுவிடலாம் என்ற தைரியம் வந்தது. சாயங்காலம் துவைக்கிற கல்லருகே கணவர் கையிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நேத்து நாலுதான் போட்டீங்க. என்ன குறைங்க?"

"உன்னைய நெனச்சுப் போட்டேன்னு நெனச்சுக்கிட்டயா?" திகைத்துப்போய்க் கையை உதறினார். "அட கண்ணு! அப்பா தவறினதும் டிப்ளமோவ பாதியில உட்டுப்போட்டேன். நீ தெனமும் புஸ்தகப் பையோட பஸ் ஏறையில எனக்கும் போகோணும்னு இருக்குது. அதுக்குத்தான் மூணு கொறச்சேன்."

இந்த ஆசையை அவர் அதுவரை என்னிடம் சொன்னதேயில்லை.

"சரி, நீ எத்தன போட்டே?" என்றார். நான் எனக்குப் போட்டுப் பார்க்கவேயில்லை. அவர் விடவில்லை. அங்கேயே நின்று யோசித்து, "அஞ்சு" என்றேன். அவர் முகம் வாடவில்லை. "மீதி ரெண்டு என்னன்னு சொல்லு, பாக்கலாம்" என்றார். பட்டறை விஷயங்களை என்னிடமும் பேச வேண்டும், எனக்கு மொபெட் ஓட்டச் சொல்லித்தர வேண்டும் என்றேன்.

வகுப்பில் மாமியாரின் ஏழுகளைக் கேட்டுப் பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார். நம் ஊர் மரியாதையைத் தாண்டி எப்படிக் கேட்பது என்று அந்த மணி நேரம் முழுக்கப் பேசினோம். "வாழ்க்கை எப்படி" என்பதற்குப் பதில் "நேற்று எப்படிப் போயிற்று" என்று கேட்கலாம் என முடிவாயிற்று. மாமியாரிடம் அப்படிக் கேட்டேன். முழங்கால் வலி, நின்றுபோன கரண்ட், பேச ஆளில்லாத மத்தியானம் எல்லாம் வந்தன. அதன்பின் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவருடன் உட்கார ஆரம்பித்தேன்.

அடுத்த ஆடியில் கணவர் மாலை நேர டிப்ளமோவில் சேர்ந்தார். அவர் கோயம்புத்தூர் வந்து இறங்கும் நேரத்தில் நான் ஊருக்குப் பஸ் ஏறுவேன். பஸ் ஸ்டாண்டில் சேர்ந்தாற்போல் ஒரு டீ குடிப்போம். லேத்தில் அன்று நடந்ததையெல்லாம் அவர் சொல்லி முடிப்பதற்குள் என் பஸ் நகரத் தொடங்கிவிடும்.