பூப் பார்க்கக் கூட்டிப்போனார்

அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவேன். பதினேழு வயதுவரை அவர் சொன்ன எதையும் நான் சந்தேகித்ததில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு பங்குனி. போடியில் வேம்பு துளிர்த்து, இலவங்காய் வெடித்துத் தெருவெல்லாம் பஞ்சு பறந்தது.

"மலையில முருக்கமரம் பூத்திருக்காம். பாத்துட்டு வருவோமா, ஆத்தா?" என்றார் அய்யா. வருடா வருடம் நான் கெஞ்சிக் கேட்டது அது.

ஜீப்பு வளைந்து வளைந்து ஏறியது. இலையே இல்லாமல் முருக்கமரங்கள் சிவந்து நின்றன. ஏலச்செடிகளின் அடியில் புதுப் பூச்சரம் விட்டிருந்தது. ஒவ்வொன்றையும் கைநீட்டிக் காட்டி, ஓயாமல் பேசிக்கொண்டே போனேன்.

போடிமெட்டில் அத்தை வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே எனக்குக் கல்யாணப் புடவை தயாராக இருந்தது. மறுநாள் காலை அத்தை மகனோடு எனக்குக் கல்யாணம்.

"ஏன் அய்யா எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டே."

"கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றேன். அய்யா தலையைக் குனிந்துகொண்டார்.

கணவர் நல்லவர்தான். நன்றாகவே வாழ்ந்தேன். ஆனால் அய்யா சாகும்வரை, அவர் எங்கே கூப்பிட்டாலும் "எதுக்கு?" என்று கேட்காமல் நான் கிளம்பியதில்லை. அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் அவருக்கு வலித்தது. தெரிந்தேதான் கேட்டேன்.