மறுபடியும் சளி

என் அக்கா வீட்டுக்காரர் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். அவர் முடித்துக் கொடுத்த மேசையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அந்தப் பளபளப்புக்கு முன்னால் உப்புத்தாளால் நாள் முழுக்கத் தேய்க்க வேண்டும். சாயங்காலம் வரும்போது இமைகூட மரத்தூளில் பழுப்பேறியிருக்கும். அப்படியே மகளைத் தூக்கிக் கொஞ்சுவார்.

ஐந்து வயது மகள் குறட்டை விடுவதில் மாமாவுக்குப் பெருமை வேறு. "அசந்து தூங்குறா பாரு, அப்படியே என்னை உரிச்சு வச்சிருக்கா" என்பார். பள்ளியிலோ அவள் பெஞ்சிலேயே சாய்ந்து, 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வாங்கினாள். வீட்டில் தூங்க விடுவதில்லையா என்று டீச்சர் கேட்டதற்கு அக்கா சிலிர்த்துக்கொண்டாள். "இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டா டீச்சர்!"

குறட்டைக்கு நடுவே மூச்சு நின்றுபோவதைப் பிறகு கவனித்தவளும் அக்காதான். சத்தமே இருக்காது, நெஞ்சுக்குழி மட்டும் உள்வாங்கும். அப்புறம் தண்ணீரிலிருந்து தலை தூக்கியவள்போலத் திணறி இழுப்பாள். மூக்குக்குப் பின்னாலும் தொண்டையிலும் சதை வீங்கி, காற்று போகிற வழியை அடைத்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் சளி இருந்தால் மயக்க மருந்து கொடுக்க முடியாது. அடைப்பு இருக்கும்வரை சளியோ விடுவதாயில்லை. இரண்டு முறை தேதி குறித்து, இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தூசி ஆகாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். தொழிலை விட்டால் சோற்றுக்கு வழியில்லை. அதனால் மூன்றாவது தேதி குறித்ததும் மாமா மூன்று வாரம் பட்டறையிலேயே படுத்துக்கொண்டார். சாப்பாடு கொண்டுபோவது நான்.

"மாப்ள, மூக்கு ஒழுகுதா?"

"இல்ல மாமா."

"இருமல்?"

"அதுவும் இல்ல."

அதற்குப் பிறகுதான் மூடியைத் திறப்பார். "உங்க அக்கா இப்பத்தான் நிம்மதியா இருப்பா. வீட்ல குறட்டை ஒண்ணு குறைஞ்சுதே!"

ஆபரேஷன் அன்று காலை, தேய்த்துக் குளித்து, துவைத்த சட்டையோடு ஆஸ்பத்திரி வாசலில் ஒதுங்கி நின்றார். வெறும் வயிற்றோடு வந்த மகள் "அப்பா!" என்று ஓடினாள். மாமா இரண்டு கைகளையும் விரித்தபடி பின்வாங்கினார். "வேணாம்மா, கிட்ட வராதே." அப்பாவுக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்து அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

உள்ளே டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "கரகரன்னு இருக்கும்மா. லேசா காய்ச்சலும் அடிக்குது. இன்னைக்கு வேணாம்."

"அழுததுல மூக்கு ஒழுகுது டாக்டர். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்களேன்."

"அழுதா நெஞ்சுல சத்தம் வராதும்மா. நான் அவசரப்பட்டா ஆபத்து அவளுக்குத்தான்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, நீதானே காலேஜ் படிச்சவன்? எடுத்துச் சொல்லேன்."

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். டாக்டர் சொன்னது சரி என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

வெளியே வந்த எங்கள் முகத்தைப் பார்த்ததுமே மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. "அழ வச்சுக் கெடுத்துட்டேன்."

"அழுததால இல்லையாம் மாமா."

"அப்ப எங்கேருந்து வந்துச்சு? நான் வீட்டுப் பக்கமே வரலியே மாப்ள!"



பஸ் நிறுத்தத்தில், இனி என்ன என்பதுபோல், மாமாவே மகளைத் தூக்கிக்கொண்டார். பாலைக் குடித்த கையோடு அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். குறட்டை ஆரம்பித்தது.

"பாப்பா லாரியே ஓட்டுதே!" என்று பக்கத்தில் நின்றவர் சிரித்தார். எப்போதும் சேர்ந்து சிரிக்கிற மாமா சிரிக்கவில்லை.

குறட்டை நின்றது. பஸ் வந்தது. நாங்கள் மூவரும் ஏறவில்லை. திணறலோடு மூச்சு திரும்புவதற்குள் பஸ் போய்விட்டது.

"வீட்டுக்குத்தானே வர்றீங்க?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

மாமா மகளின் முதுகில் உள்ளங்கையை வைத்து, அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தார்.