இருபத்தெட்டு வரியும் ஓர் ஆடும்

1. காலிப் பக்கம்

எழுபதுகளின் நடுவில் மதுரையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் ரீடராகச் சேர்ந்தேன். ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டு, என்னை வைத்துக்கொள்வதா, சொந்த ஊரான பேரையூருக்கே பஸ் ஏற்றிவிடுவதா என்று முதலாளி முடிவு செய்வார். அதுதான் பேச்சு. இரண்டு மாதம் முடிந்து நான்காம் நாள், ஓர் அச்சுப் பாரத்தில் ஒரு பக்கம் காலியாக நின்றது.

அந்த வேலை பழங்காநத்தத்துச் சோலைமலையுடையது. அவர் பள்ளிப் பாடங்களுக்கு நோட்ஸ் போடுபவர். இது ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாட நோட்ஸ். அந்தத் துணைப்பாடக் கதையை எழுதியவர் குழந்தைகளுக்காகவே எழுதிய அந்தக் காலத்து ஆங்கில எழுத்தாளர். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கு நான் செய்தது போதும்.

பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு பாரம். விஷயம் பதினைந்தில் முடிந்துவிட்டது.

"எழுதுனவரு வாழ்க்கைய ஒரு பக்கம் போட்டு ரொப்புப்பா. சாயங்காலம் மிஷின்ல ஏத்தணும்" என்றார் முதலாளி.

பாடப்புத்தகத்தில் அவரைப் பற்றி நான்கு வரி இருந்தது. இங்கிலாந்தில் பிறந்தார், சிறு வயதில் தந்தையை இழந்தார், ஒன்பது புத்தகங்கள் எழுதினார், இறந்தார். ஒரு பக்கத்துக்கு இருபத்தெட்டு வரி வேண்டும். பொது நூலகம் சைக்கிளில் பத்து நிமிடம். நான் போகவில்லை.

கதையில் இரண்டு பிள்ளைகளும் ஒரு கழுதையும் ஊர் ஊராகச் சுற்றுவார்கள். இப்படி எழுதியவர் கால்நடையோடு வளர்ந்தவராகத்தானே இருப்பார்? கழுதை கதையிலேயே இருந்ததால் அவருக்கு ஓர் ஆடு கொடுத்தேன். தந்தை இறந்ததும் ஆடு மேய்த்துக்கொண்டே படித்தார். பள்ளிக்கு மூன்று மைல் நடந்தார். ஒரு மழை நாளில் ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போய் வெளியே நிறுத்தப்பட்டார். ஆட்டின் பெயர் பிளாக்கி. என் ஆட்டின் பெயர் கருப்பி. தோளில் தூக்கியவனும் வெளியே நின்றவனும் நான்தான். இருபத்தெட்டாவது வரியில் சரியாக முற்றுப்புள்ளி வந்தது. அன்றைய டைரியில் "நல்ல வேலை" என்று எழுதியிருக்கிறேன்.

2. விடைத்தாள் கட்டு

கால் பரீட்சை முடிந்த வாரம், கோரிப்பாளையத்துப் பள்ளி ஒன்றின் இங்கிலீஷ் டீச்சர் விடைத்தாள் கட்டோடு அச்சகத்துக்கு வந்தார். பெயர் மெஹர். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"இங்க ஆடு மேச்சது யாரு?"

முதலாளி எழுந்து நின்றார். "வாங்க டீச்சர், உக்காருங்க. எந்த ஆடு?"

"பிளாக்கி! எழுத்தாளரப் பத்தி எழுதுங்கன்னு கேட்டேன். ஒரு பிள்ளை பாக்கியில்லாம ஆட்டப் பத்தி எழுதி வச்சிருக்கு. ஒருத்தி படமே போட்டுட்டா. லைப்ரரில போயி மூணு புக்கு பாத்துட்டேன். அந்த மனுசன் ஆட்டுப்பக்கமே போகல!"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சோலைமலைக்கு ஆள் போனது. அவர் வந்து விஷயத்தைக் கேட்டதும் முதலாளியிடம் திரும்பினார்.

"அண்ணே, இவன இன்னிக்கே அனுப்பிவிடுங்க. இல்லாட்டி இனிமே என் வேலை இங்க வராது. இங்கிலீஷ்காரனப் போயி ஆடு மேய்க்கவிட்டுட்டானே!"

"தம்பி, பையத் தூக்கு" என்றார் முதலாளி. பேரையூர் பஸ் கண்ணில் தெரிந்தது. பேனாவைச் சட்டையில் செருகினேன்.

"இருங்க" என்றார் டீச்சர். "என் வகுப்புல பாதிப் பேருட்டத்தான் உங்க நோட்ஸு. மீதிப் பேருட்ட இருக்குறது இது." பையிலிருந்து ஆரஞ்சு அட்டை போட்ட நோட்ஸ் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். "இதுலயும் அதே ஆடுதான். அதே பேரு, அதே மழை."

ஆரஞ்சு அட்டைக்காரர் சோலைமலையின் போட்டியாளர். தன் நோட்ஸைப் பார்த்து அவர் காப்பியடிக்கிறார் என்று சோலைமலை வருடக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தார். கேட்கும்போதெல்லாம் அந்த ஆள், "ஒரே பாடம், விடையும் ஒண்ணாத்தான இருக்கும்" என்று சொல்லித் தப்பித்துவிடுவார்.

சோலைமலை அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

"மாப்ள" என்றார். அதுவரை நான் வெறும் "இவன்". "இங்கிலாந்துலயே இல்லாத ஆடு அவன் புக்குக்குள்ள எப்படிடா போச்சு? சிக்குனாண்டி! இனி வாயத் தொறப்பானா? அண்ணே, இவன எங்கயும் அனுப்பிறாதீங்க. இனி நம்ம நோட்ஸு ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆடு விடட்டும்."

முதலாளி, "பையக் கீழ வைப்பா" என்றார்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதத்தான் ஆசை. டைரியைப் புரட்டினேன். பின்னால் இரண்டு ஆடு விட்டிருக்கிறேன். இரண்டும் முன்னுரையில், பரீட்சையில் கேட்காத இடத்தில்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒங்க சண்டைய அங்கிட்டு வச்சுக்கங்க. நான் மார்க்குப் போடவா, வேணாமா?"

"போடுங்க டீச்சர். தப்பு பிள்ளைக மேல இல்ல, என்னுது" என்றேன்.

"அப்ப நெசமான வாழ்க்கைய ஒரு பக்கம் அடிச்சு, எம்புட்டுப் பிள்ளைகளோ அம்புட்டுப் பேருக்கும் நீங்களே கொண்டுவந்து குடுக்கணும்."

3. பத்து நிமிடத் தூரம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போனேன். எழுத்தாளர் நோயாளிப் பிள்ளை. பத்து வயதுவரை பெரும்பாலும் ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கிடந்தார். தினமும் காலையில் தெருவில் பால் வண்டி இழுத்துக்கொண்டு போகும் கழுதையைத்தான் அவருக்குத் தெரியும். அது மூலையில் திரும்பியபின் எங்கே போகும் என்று யோசித்து யோசித்துத் தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டார். பிற்பாடு எழுதிய ஒன்பது புத்தகங்களும் மூலை திரும்பியபின் நடப்பவைதான். அவர் கழுதையைத் தொட்டதுகூட இல்லையாம்.

என் ஆடு இதற்குப் பக்கத்தில் நிற்காது. எழுதியபோது இருபத்தொரு வரிதான் வந்தது. மிச்சத்தை ரொப்பவில்லை. கீழே ஒரு பூ பார்டர் வைத்து, வகுப்பில் என் கையாலேயே கொடுத்தேன். படம் போட்ட பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆடு எங்க சார்?" என்றாள்.

அச்சு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பக்கம் காலியாக இருந்தால் பூ பார்டர் வையுங்கள். புரூஃபில் இருக்கும்வரை எதையும் கோடு போட்டு அடித்துவிடலாம். மிஷினில் ஏறியபின் அதன் பின்னால் ஓட நம்மால் முடியாது.

எனக்கு அது முழுதாகப் புரிந்தது சில வருடம் கழித்து. பேரையூருக்குப் போயிருந்தேன். அக்கா மகள் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். கையில் ஆரஞ்சு அட்டை. பிளாக்கி மழையில் நனைந்துகொண்டிருந்தது. கருப்பி கட்டிக்கிடந்த அதே ஊரில்.

அவளுக்கு ஜன்னல், கட்டில், பால் வண்டி எல்லாம் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா எங்க டீச்சர் ஆட்டத்தான் கேப்பாக."

புத்தகத்தை வாங்கினேன். பேனாவைத் திறந்து, புரூஃபில் அடிப்பதுபோல் அந்தப் பக்கத்தின் குறுக்கே கோடு இழுக்க ஆரம்பித்தேன். அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயோ மாமா, அடிச்சுப்புடாதீக! இது இரவல் புக்கு. எனக்கப்பறம் இன்னும் நாலு பேரு படிக்கணும்."