பென்சிலின் மேல் பேனா

என் மேசை இழுப்பறையில் ஒரு பென்சில் கிடக்கிறது. பாதிக்கு மேல் தேய்ந்துபோன சாதாரணப் பென்சில்தான். பிடிக்கும் இடத்தில் மட்டும், ஒயருக்குச் சுற்றும் சிவப்பு டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றிக் கட்டைவிரல் பருமனுக்கு ஆக்கியிருக்கும். டேப்பின் ஓரத்தில் பசை கசிந்து, தூசி ஒட்டிக் கறுத்துவிட்டது. ஓசூர் வேலையை விட்டுப் பர்கூருக்கு வந்தபோது அங்கிருந்து என்னோடு வந்தவை ஒரு டிபன் பாக்ஸ், ஒரு குடை, இந்தப் பென்சில். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஒருவருடைய வேலைக்கே உலை வைத்தேன் என்றால், அதற்கு நான் பயன்படுத்தியது இதைத்தான்.

அப்போது நான் ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், மனிதவளப் பிரிவில் உதவியாளராக இருந்தேன். எங்கள் மேலாளர் தினமும் பெங்களூரிலிருந்து காரில் வருவார். தொழிலாளர்களுக்கான கடிதங்களை ஆங்கிலத்தில் சொல்வார். நான் தமிழாக்கித் தட்டச்சு செய்து, உரியவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவேன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வெறும் கையெழுத்து செல்லாது. அதற்கு மேலே ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்று தொழிலாளி தன் கைப்பட எழுத வேண்டும். பின்னால் யாரும் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடக் கூடாதாம். நானும் அதை ஏதோ கோயில் நடைமுறை மாதிரி பயபக்தியோடு செய்துவந்தேன்.

அக்கா என்று நான் கூப்பிட்டவர், பாகங்களைப் பொருத்தும் எங்கள் அசெம்பிளி பிரிவில் எட்டு வருடமாக வேலை செய்தவர். சொந்த ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். கல்யாணமாகிக் கிருஷ்ணகிரிக்கு வந்தவர். நானும் கிருஷ்ணகிரிதான் என்பதால் ஒரே கம்பெனி பஸ். அலுவலகத்தில் என்னை மேடம் என்பார், பஸ்ஸில் ஏறிவிட்டால் பாப்பா. வண்டியின் இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு பிராக்கெட்டுகள், இரும்புத் தாங்கிகள். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அவற்றைச் சரியான அச்சில் பொருத்துவது அவர் வேலை. இடது பக்கப் பெட்டியில் ஒரு துண்டு சிவப்பு டேப், இடது பக்க அச்சில் ஒரு துண்டு, தன் இடது மணிக்கட்டில் ஒரு சுற்று. இந்த மூன்றும் இருந்தால் போதும், அவர் கையில் ஒரு பிராக்கெட்கூட மாறாது. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ‘டேப் அக்கா’ என்றார்கள். நானும்தான் சிரித்திருக்கிறேன். ஏன் டேப் என்று ஒருவரும் கேட்டதில்லை.

வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள் என்று ஒரு வாரம் தொழிற்சாலையே தலைகீழானது. அனுமதியில்லாத ஒட்டுகள் எதுவும் இயந்திரத்தில் இருக்கக் கூடாது என்று உத்தரவு. அக்காவின் டேப்புகளைப் பிளேடால் சுரண்டி எடுத்தார்கள். கூடவே, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எல்லோரும் இடம் மாறி வேலை செய்ய வேண்டும் என்றும், யார் எங்கே என்பதைப் பலகையில் எழுதிப் போட்டுவிடுவோம் என்றும் புது ஏற்பாடு. பத்தே நாளில் அக்காவின் கையிலிருந்து இடது, வலது மாறிய முதல் பெட்டி வெளியே போனது.

அதற்கான முதல் மெமோவில் கையெழுத்து வாங்க அவரை என் மேசைக்கு எதிரே உட்கார வைத்தேன். பேனாவை வாங்கினார். காகிதத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பேனா விரலிடுக்கில் நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. மேலுதட்டில் வேர்த்திருந்தது. பள்ளிக்கூடம் போனவர், பேரைக் கையெழுத்தாகப் போடுகிறவர், பிறகு ஏன் இந்தத் திணறல் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பென்சிலை எடுத்து, அந்த ஒரு வரியை மெல்லிசாக நானே எழுதினேன். இதன் மேலேயே பேனாவை ஓட்டுங்கக்கா என்றேன். நெடுநேரம் எடுத்து ஓட்டினார். மை காய்ந்ததும் ரப்பரால் பென்சில் தடத்தை அழித்தேன். கடிதத்தை முழுதாகப் படித்துக்காட்டக்கூட இல்லை. பிராக்கெட் மாறிப்போச்சுன்னு போட்டிருக்கு என்று மட்டும் சொன்னேன். அதன் கடைசி வாக்கியம், ‘இது எனது கவனக்குறைவால் நேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்’ என்பது. அதைச் சொல்லி எதற்கு அவர் மனதைக் கஷ்டப்படுத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன். பெரிய இரக்கக்காரி நான்.

வீட்டில் எழுதிப் பழகிப் பாருங்கள் என்று அந்தப் பென்சிலை அவரிடமே கொடுத்தேன். விரலில் நிற்கவில்லை என்று டேப்பைச் சுற்றிக்கொண்டு, பை நிறையக் காகிதம் எழுதிப் பார்த்திருக்கிறார். அந்த வரி வரவில்லை. இரண்டாவது மெமோவுக்கும் மூன்றாவதுக்கும் அதே டேப் சுற்றிய பென்சிலால் நானே எழுதினேன், அவர் மேலே ஓட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் மகளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று பள்ளியில் சொல்லி, பெங்களூரில் ஒரு மருத்துவரிடம் காட்டினார்கள். குழந்தையைச் சோதித்த மருத்துவர், அம்மா படிவம் நிரப்பும் விதத்தைக் கவனித்துவிட்டு அவரையும் சோதித்திருக்கிறார். டிஸ்லெக்சியா, டிஸ்பிராக்சியா. எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும், ஆனால் வரிசையில் நிற்காது. கை எதைச் செய்ய வேண்டும் என்று தெரியும், ஆனால் சொன்னபடி கேட்காது. சோம்பலும் இல்லை, மந்தமும் இல்லை, பிறவியிலேயே அப்படி. முப்பத்தைந்து வயதில் தனக்கு ஒரு பேர் கிடைத்தது போல அக்கா அந்த அறிக்கையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்தார். அவர் கேட்டது மூன்றே: டேப் ஒட்டிக்கொள்ள அனுமதி, ஒரே இடத்தில் வேலை, எழுதிப் போடுவதை யாராவது வாயால் சொல்வது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்தக் குறைபாடுகளின் பேரும் இருக்கிறது என்று மருத்துவரே எழுதிக் கொடுத்திருந்தார்.

மேலாளர் அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருவது என்றார். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு லைன் முழுக்க டேப்போடு வந்து நிற்கும் என்றார். வேலையில் சேரும்போது இதை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். அடுத்த வாரம் வேலை நீக்கத்துக்கான உள் விசாரணை என்று அறிவித்தார். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து ஒரு வயதான வழக்கறிஞரை அழைத்திருந்தார்கள். நடப்பதை எழுதுவது என் பொறுப்பு. அக்கா அறிக்கையை மேசைமேல் வைத்தார். மேலாளர் மூன்று மெமோக்களை அதன் மேல் வைத்தார்.

“எழுதப் படிக்கச் சிரமம்னு சொல்றாங்க சார். மூணு தடவ அவங்க கையாலேயே எழுதிக் குடுத்திருக்காங்க. படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன்னு. தப்பும் அவங்களோடதுன்னு ஒத்துக்கிட்டிருக்காங்க.”

என் கை எழுதுவதை நிறுத்தியது. தப்பை ஒத்துக்கொண்டார் என்பதை அக்கா அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார். முகம் வெளுத்தது. இது உங்கள் கை எழுத்துதானா என்று வழக்கறிஞர் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. மேசையைப் பார்த்தபடி, “எங் கைதானுங்க” என்றார். விசாரணை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.

அன்றைக்கு பஸ்ஸில் நான் பின்சீட்டில் போய் ஒளிந்துகொண்டேன். சூளகிரி தாண்டியதும் அவரே எழுந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “நீ வாயத் தொறக்காத பாப்பா. எனக்குப் போற வேல போவட்டும், ஒனக்கும் சேத்து எதுக்குப் போவணும்?” என்றார். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். அந்த நிம்மதி வீடு போய்ச் சேரும்வரைகூடத் தாங்கவில்லை. என் வீட்டில் நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, எனக்கு வேறு வழியில்லை என்று ஒரு வாரம் முழுக்க எனக்கு நானே மெமோ எழுதிக்கொண்டிருந்தேன். அக்காவின் வீட்டிலும் அவர் ஒருத்திதான் சம்பாதித்தார்.

இரண்டாவது அமர்வில், பதிவுகள் தெளிவாக இருக்கின்றன, இனி முடித்துவிடலாம் என்று மேலாளர் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தபோது பேனாவை மூடி வைத்தேன். உட்கார்ந்தபடியே வழக்கறிஞரைப் பார்த்துச் சொன்னேன்.

“சார், அந்த வரிய எழுதுனது நானு. பென்சில்ல நான் எழுதுனேன், அது மேல அவங்க பேனாவ ஓட்டுனாங்க. லெட்டர நான் படிச்சுக்கூடக் காட்டல. மூணு தடவையும்.”

மேலாளர் என் பேரைச் சொல்லி அதட்டினார். வழக்கறிஞர் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, மூன்றாவது மெமோவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நான் அவசரத்தில் சரியாக அழிக்காத இடங்களில், கோணிக்கோணிப் போன மைக்கு அடியில் என் பென்சில் நேராகப் போயிருந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், “இப்ப சொன்னதையும் எழுதிக்கம்மா” என்றார். எனக்கு எதிரான சாட்சியை நானே எழுதினேன். அதற்குக் கீழே படித்துப் புரிந்துகொண்டேன் என்று கையெழுத்தும் போட்டேன்.

அக்காவின் வேலை தப்பியது. ஒரே இடம் கிடைத்தது, டேப்புக்கு அனுமதி கிடைத்தது. வாயால் சொல்வதற்கு மட்டும் ஆள் இல்லை என்றார்கள், பக்கத்து இயந்திரத்துப் பெண்ணே அவருக்குச் சொல்லிவந்தாள். மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை. மூன்று மெமோக்களும் அவர் கோப்பில் இன்னும் இருக்கும். என்னை கேட் பாஸ் எழுதும் கூண்டுக்கு மாற்றினார்கள். ஆறு மாதம் தாங்கினேன், பிறகு நானே விலகினேன். கடைசி நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அக்கா இந்தப் பென்சிலை என் கையில் வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

“இனிமே யாருக்கும் எழுதிக் குடுக்காத பாப்பா. படிச்சுக் காட்டு, போதும்.”

போன வாரம், இப்போது நான் இதே கையெழுத்து வாங்கும் வேலை பார்க்கும் பர்கூர் கம்பெனியில் ஒரு தொழிலாளி, கிரானைட் தூசி படிந்த சட்டையோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு மெமோ. பேனாவை வாங்கிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தபடியே இருந்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். மேலுதட்டில் வேர்வை. என் கை தானாக இழுப்பறையைத் திறந்தது. சிவப்பு டேப் தெரிந்தது. இழுப்பறையை மூடிவிட்டு, அவர் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படித்துக்காட்டினேன். கேட்டு முடித்தவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.